முப்பத்தெட்டுத் தங்கச்சிமாரும் ஒரு வால்வு செட்டும்

செம்மாண்டிவலசில் ஆயிரத்து இருநூறு விசைத்தறிகள் ஓடின. பொழுது கிளம்பும்போதும் ஓடின, உச்சிப் பொழுதிலும் ஓடின, ஒருத்தர் சாப்பிடப் போனால் இன்னொருத்தர் வந்து நின்று ஓட்டினார்கள், அதனால் எந்த நேரத்தில் காது வைத்துக் கேட்டாலும் அந்த ஊருக்கு டக்கட டக்கட என்கிற ஒரே பேச்சுத்தான் இருந்தது. அங்கே பிறக்கிற பிள்ளைகள் வாய் திறப்பதற்கு முன்பே கைச்சாடை பேசக் கற்றுக்கொண்டன. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட நெற்றியில் ஒரு விரலை வைத்துப் பொட்டு காட்டி, கழுத்தைச் சுற்றி ஒரு கோடு இழுத்துத் தாலி காட்டி, சம்மதமா என்று புருவத்தை உயர்த்தினால் போதும், பேச்சு முடிந்து காப்பி வந்துவிடும். சண்டையும் சாடையில்தான், சமாதானமும் சாடையில்தான், அடுத்தவர் வீட்டு வம்பை மட்டும் இரண்டு கையாலும் பேசுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் சாடையில் சொல்லித் தீராத விஷயம் ஒன்றே ஒன்று இருந்தது. அது தண்ணீர். காவிரித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவை வரும், எட்டாம் நாளில் எந்த நேரத்தில் வருவது என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும், வந்தால் நாற்பது நிமிஷம் ஊர்க் குழாய்களில் ஓடும், குடம் வைக்க ஆள் இல்லை என்றால் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி பள்ளத்தில் இறங்கிக் கீழ்வலசுக்குப் போய்விடும். சாடை காட்ட எதிரில் ஆள் வேண்டும் இல்லையா? ஒருத்தர் ஓடி ஓடி ஒவ்வொரு தறிக்குடோனாக நுழைந்து, குடத்தைச் சாய்க்கிற மாதிரிக் காட்டி முடிப்பதற்குள் நாற்பது நிமிஷமும் முடிந்து, குழாய் காற்றை மட்டும் துப்பிக்கொண்டிருக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் பொன்னாத்தாள் சும்மா இருக்கிற ஆள் இல்லை. ஐந்நூறு வாட்ஸ் ஆம்ப்ளிபயர் ஒன்றை டவுனிலிருந்து புத்தம் புதுசாக இறக்கி, தண்ணீர்த் தொட்டியின் மேல் நாலு ஒலிபெருக்கிப் புனல்களைக் கட்டினார். அதன் குரல் சலித்தெடுத்த மாவு மாதிரி அத்தனை சுத்தம். ஆனால் சுத்தமாகப் புறப்பட்டு வந்த அந்தக் குரல் தறிச் சத்தத்தில் விழுந்ததும் ஆற்றில் போட்ட உப்பு மாதிரி இருந்த இடம் தெரியவில்லை. சத்தம் கூட்டுகிற திருகை முழுசும் திருப்பிப் பார்த்தார்கள். அப்போது குரலின் தலையைக் கத்தரியால் நேராக வெட்டிவிட்டது போலாகி, தட்டைத் தலையோடு வந்து மண்டையில் இடித்தது. கைக்குழந்தைகள் பால் கக்கின, அடைகாத்த கோழிகள் எழுந்து ஓடின, தறியில் நின்றவர்களுக்கோ யாரோ கத்துகிறார்கள் என்று தெரிந்ததே தவிர என்ன கத்துகிறார்கள் என்று தெரியவில்லை. அந்த எட்டாம் நாள் தண்ணீரைக் கீழ்வலசுக்காரர்கள் துணி துவைக்கவும் வைத்துக்கொண்டார்கள்.

துளசிமணி அப்போது ஆறு மாதக் குழந்தைக்காரி. தறி ஓட்டுகிற நல்லுச்சாமியைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்தவள், பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, அதற்குமேல் ஒரு வருஷம் ஒயர்மேன் படிப்பு, மிக்சியோ மோட்டாரோ எரிந்துபோனால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே செம்புக்கம்பிக் காயில் சுற்றிக் கொடுத்துவிடுவாள். அப்படித்தான் பழைய இரும்புக்கடைக்காரர் ஒருவருக்கு மோட்டார் சரிசெய்து கொடுத்ததற்கு, மூடிப்போன சினிமாக் கொட்டகை ஒன்றின் ஆம்ப்ளிபயரை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். இந்தக் காலத்துச் செட்டு இல்லை அது, வால்வு செட்டு. கொய்யாக்காய் பருமனில் நாலு கண்ணாடிக் குமிழ்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஊதிவிட்ட அடுப்பு மாதிரி ஒரு தணல். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது, சூடேற வேண்டும், குழந்தைக்கு வெந்நீர் காய்கிற நேரம் ஆகும்.

"அத்தை, என்றகிட்ட ஒரு செட்டு இருக்குதுங்க. கட்டிப் பாக்கலாமுங்களா?" என்று பொன்னாத்தாளிடம் போய்க் கேட்டாள்.

"எத்தனை வாட்ஸு கண்ணு?"

"முப்பதுங்க."

டீக்கடைச் சின்ராசு கையிலிருந்த டம்ளர் தளும்பச் சிரித்தார். "ஐந்நூறே எடுபடலையாமா, இவ முப்பதத் தூக்கிட்டு வாறா. அதுக்கு நீயே மரத்து மேல ஏறி நின்னு கூப்புடலாம் அம்மிணி."

"ஏறலாமுங்க மாமா. அதுவரைக்கும் புள்ளையை ஆரு வெச்சுக்கறது? நீங்க வெச்சுக்கறீங்களா? இப்பத்தான் பால் குடிச்சிருக்கறா, தோள்ல போட்டீங்கன்னா சட்டையெல்லாம் ஒண்ணாயிரும்."

சின்ராசு சட்டையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பொன்னாத்தாள், "கட்டு, பாப்போம்" என்றார்.

அடுத்த எட்டாம் நாள், காலைப் பலகார நேரம் தாண்டித் தண்ணீர் வந்தது. துளசிமணி தொட்டிக்குக் கீழே இருந்த சின்ன அறையில், குழந்தையை இடுப்பில் இருத்திக்கொண்டு, குமிழ்கள் சிவக்கும்வரை காத்திருந்தாள். முப்பது வாட்ஸ் எவ்வளவு தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். திருகில் ஏழுக்குமேல் போனால் குரல் உடைய ஆரம்பித்துவிடும், மைக் செட்டுக்காரர்கள் யாரும் அதற்குமேல் திருப்ப மாட்டார்கள். துளசிமணி ஏழு வைத்துப் பார்த்தாள், எதிர்க் குடோன்காரர்கூடத் திரும்பவில்லை. எட்டு வைத்தாள். தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறதே என்று ஒன்பது வைத்தாள். உடைந்தால் உடையட்டும் என்று கடைசிவரைக்கும் திருப்பிவிட்டு, "தண்ணி வந்தாச்சு, குடத்தை எடுத்துக்கிட்டு வாங்க" என்றாள்.

குரல் உடைந்தது. ஆனால் பானை உடைகிற மாதிரி உடையவில்லை, வெண்டைக்காய் வெடித்து விதை தெரிகிற மாதிரி உடைந்தது. புனலின் வாயிலிருந்து முதலில் துளசிமணியின் குரல் வந்தது. அதற்குப் பின்னாலேயே, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, துளசிமணியின் உயரத்தில் சரிபாதி உயரமுள்ள ஒரு பெண் இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் நாலில் ஒரு பங்கு உயரத்தில் ஒருத்தி, இப்படியே ஒருத்தியைவிட ஒருத்தி சின்னவளாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள், எல்லாருக்கும் துளசிமணியின் முகம், எல்லார் மேலும் குமிழுக்குள் இருக்கிற தணலின் நிறம். கடைசியாக வந்தவள் சுண்டுவிரல் உயரம்தான் இருந்தாள், தொட்டி ஏணியில் அவளுக்குக் கால் எட்டவில்லை என்று முந்தினவள் தூக்கி இறக்கிவிட்டாள். மொத்தம் முப்பத்தெட்டுப் பேர்.

இறங்கினவர்கள் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. தெருவுக்கு மூன்று பேர், நாலு பேர் என்று பிரிந்து குடோன் குடோனாக நடந்தார்கள். துளசிமணியின் சொந்தக் குரல் பெரிய உடம்புக்காரி, அவள் வாசலிலேயே தறிச் சத்தத்தில் இடிபட்டு நின்றுவிட்டாள். ஆனால் தறியில் குறுக்கு நூலைச் சுமந்து ஓடுகிற நாடா இந்தப் பக்கம் போய் மோதுவதற்கும் அந்தப் பக்கம் திரும்பி வந்து மோதுவதற்கும் நடுவில் நூல் இழை அகலத்துக்கு ஒரு சந்து இருக்கிறது பாருங்கள், அந்தச் சந்தில் சின்னவர்கள் நுழைந்துபோனார்கள். நுழைந்து, நீளவாக்கில் விரித்த பாவின்மேல் கைவைத்து ஏறி, ஒவ்வொருத்தர் காதோரமும் நின்று, "தண்ணி வந்தாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த தறிக்குத் தாவினார்கள். அன்றைக்குச் செம்மாண்டிவலசில் தண்ணீர் பிடிக்காத குடம் என்று ஒன்றுகூட இல்லை. பொன்னாத்தாள் அண்டாவைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

குமிழ்கள் ஆறியதும் முப்பத்தெட்டுப் பேரும் வந்த வழியே ஏணியேறிப் புனலுக்குள் போய்விட்டார்கள்.

ஊருக்கு இதில் ஒரே ஒரு குழப்பம்தான் இருந்தது, அது அவர்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பது. துளசிமணியின் குரலில் பிறந்தவர்கள் என்பதால் பிள்ளைகள் என்றார்கள் சிலர். முகம் ஒன்றாக இருப்பதால் உடன்பிறந்தவர்கள் என்றார்கள் சிலர். மூன்று எட்டாம் நாள் பேசி, தங்கச்சிமார்கள்தான் என்று முடிவானது. அந்த நிமிஷத்திலிருந்து நல்லுச்சாமிக்கு முப்பத்தெட்டுக் கொழுந்தியாள்கள்.

"மாப்பிளே, ஒரு கொழுந்தியாளுக்கே தீவாளிக்குச் சேலை எடுத்து முழி பிதுங்குது எனக்கு. நீ என்ன பண்ணப் போறே?" என்றார் சின்ராசு.

"அட ஏனுங்க மாமா, கடைசிக் கொழுந்தியாளுக்கு ஒரு ரிப்பன் போதும்" என்றான் நல்லுச்சாமி. சொன்னானே தவிர, தறியில் ஒரு பாவு நூலை ஆரஞ்சு நிறத்தில் ஓட்டி, முழச் சேலையிலிருந்து விரல் அகலச் சேலை வரைக்கும் முப்பத்தெட்டும் நெய்து, ஒவ்வொன்றுக்கும் கரை வைத்துத்தான் கொடுத்தான். அவன் அதுவரை லுங்கியைத் தவிர வேறு எதுவும் நெய்ததில்லை.

சின்ராசு டம்ளர்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். அவர்கள் டீயைக் குடிக்கவில்லை, ஆவியை மட்டும் முகர்ந்தார்கள், அது அவருக்குச் சௌகரியமாகவும் இருந்தது. பள்ளிக்கூட டீச்சர் பின்னக் கணக்கு நடத்தும்போது பிள்ளைகளைத் தொட்டிக்குக் கூட்டிவந்து, "இவங்க ரெண்டுல ஒண்ணு, இவங்க மூணுல ஒண்ணு" என்று நிறுத்திக் காட்டினார், செம்மாண்டிவலசுப் பிள்ளைகள் அந்த வருஷம் பின்னத்தில் ஒருத்தர்கூடத் தோற்கவில்லை. குணமும் ஊருக்குப் பிடிபட்டுவிட்டது. இரண்டாமவளும் நாலாமவளும் அக்காளோடு அப்படியே இழைந்துபோகிறவர்கள், எந்த வீட்டுக்குள் போனாலும் அந்த வீட்டுக்காரியாகிவிடுவார்கள். மூன்றாமவளும் ஐந்தாமவளும் கொஞ்சம் வாய்த்துடுக்கு, ஆனால் தூங்குமூஞ்சியை எழுப்ப அவர்கள்தான் வேண்டும். ஏழாமவள் யாரோடும் ஒட்ட மாட்டாள், ஓரமாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பாள், எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருத்தி உண்டு என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

துளசிமணியும் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். மைக்கில் கத்தினால் கடைசி வரிசைக்காரிகள் முந்திக்கொண்டு இறங்கி, தெருவெல்லாம் சண்டை போட்டார்கள். குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில் பேசினால் முதல் ஆறு பேர் முன்னால் நடக்க, மற்றவர்கள் வரிசை கலையாமல் பின்னால் வந்தார்கள். திருகைக் கடைசிவரைக்கும் வைத்து, குரலை அடிமட்டத்துக்கு வைத்துக்கொள்வதுதான் பதம். அந்தப் பதம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு, அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

அவளுக்கே மிதப்பு என்றால் ஊருக்குக் கேட்க வேண்டுமா? ஜில்லாவிலேயே பெரிய சத்தம் எங்கள் ஊர்ச் சத்தம் என்றார்கள். சங்ககிரி மலையில் பட்டுத் திரும்பி வருகிறது என்றார்கள். ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பெண் எங்கள் அழைப்பைக் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்து கரையில் நின்றாளாம் என்று, கல்யாணம் காதுகுத்து என்று போகிற இடமெல்லாம் சொன்னார்கள். உறவுக்காரர்களுக்குப் பத்திரிகை வைக்கும்போதுகூட, விருந்து எப்படி என்று சொல்வதற்கு முன்னால், "எங்கூரு செட்டைக் கேட்டிருக்கறீங்களா?" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் கீழ்வலசுக்குப் போய்ச் சேர்ந்தது. மீதித் தண்ணீர் நின்றுபோன கடுப்பில் இருந்தவர்கள், தண்ணீரைப் பற்றி எழுதினால் எடுபடாது என்று, 'செம்மாண்டிவலசு ஒலிபெருக்கியின் பேரிரைச்சலால் எங்கள் காதுச் சவ்வு கிழிகிறது' என்று மனு எழுதிப் போட்டார்கள்.

ஒரு முற்பகலில் அதிகாரி ஜெயசீலன் வந்து இறங்கினார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர், கையில் சத்தத்தை அளக்கிற டெசிபல் மீட்டர், ஜீப்பின் பின்னால் அரக்கும் சாக்கும். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். குடியிருக்கிற இடத்தில் பகலில் ஐம்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது, போனால் செட்டுக்குச் சீல் வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"எடுத்துட்டுப் போனா எப்பங்க திரும்பி வரும்?" என்று துளசிமணி கேட்டாள்.

"கேஸ் முடிஞ்சாம்மா."

"கேஸ் எப்பங்க முடியும்?"

அவர் சாக்கை எடுத்து உதறினார். துளசிமணி நாளை எண்ணிப் பார்த்தாள். மறுநாள் எட்டாம் நாள். செட்டு இல்லை என்றால் தண்ணீர் போகும், அது பரவாயில்லை, ஊர் எப்படியாவது சமாளிக்கும். ஏதோ ஒரு கிடங்கில், சாக்குக்குள், முப்பத்தெட்டுப் பேரும் நெய்து கொடுத்த சேலையோடு கிடப்பார்களே, அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முதல்ல தறியை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்க. செட்டோட சத்தத்தை மட்டும் தனியா அளக்கணும்" என்றார் ஜெயசீலன்.

"தறிச் சத்தம் அம்பத்தஞ்சைத் தாண்டாதுங்களா?" என்றார் சின்ராசு.

"தறி என் ஃபைல்ல இல்லைங்க."

ஆயிரத்து இருநூறு தறிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஊர் பிறந்த நாளிலிருந்து அப்படி ஒரு அமைதியை அங்கே யாரும் கேட்டதில்லை. சத்தத்தில் தூங்கிப் பழகிய குழந்தைகள் எல்லாம் அமைதியில் திடுக்கிட்டு விழித்து ஒரே நேரத்தில் அழுதன, துளசிமணியின் மகள் தேன்மலர் எல்லாரையும்விட உரக்க அழுதாள். அவள் அழுகைக்கு மீட்டர் எழுபதுக்குப் போனதால், குழந்தைகளை எல்லாம் சமாதானப்படுத்தி முடிக்கும்வரை அரசாங்கம் காத்திருந்தது.

பிறகு துளசிமணி, குழந்தை மறுபடி அழாமல் இருக்கத் தட்டிக்கொண்டே, "தண்ணி வரலைங்க, இது சும்மா அளக்கறதுக்கு" என்று பொய்யில்லாமல் சொன்னாள். தங்கச்சிமார்கள் இறங்கி, தறி ஓடாத தெருக்களில் வேலையில்லாமல் நின்றார்கள். ஜெயசீலனும் அவர்களைப் பார்த்தார், நிமிர்ந்து ஒரு வணக்கம் வைத்தார், படிவத்தில் அவர்களுக்கு இடம் இல்லாததால் மீட்டரை மட்டும் குனிந்து படித்தார்.

"ஐம்பத்து நாலு" என்றார். முகத்தில் நிம்மதி தெரிந்தது. "ஒரு குத்தமும் இல்லை. சாதாரணமா ரெண்டு பேர் பேசிக்கிற சத்தம்தான்."

துளசிமணி மூச்சு விட்டாள். ஊர் மூச்சு விடவில்லை.

"என்ன சொன்னாரு?" என்றார் பொன்னாத்தாள்.

"ரெண்டு பேரு பேசற சத்தமாமா" என்றார் சின்ராசு.

"எங்கூரு செட்டா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து, அது கூச்சலாகி, மீட்டரைத் தூக்கி மறுபடி பாருங்கள், பேட்டரி இருக்கிறதா பாருங்கள், வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்று ஆளாளுக்கு இரைந்தார்கள். சங்ககிரி மலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். ஜெயசீலன் எதற்கு இந்த வம்பு என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, விதிமுறைப்படி, "சத்தம் அதிகம்னு நினைக்கிறவங்க இதுல கையெழுத்துப் போடலாம்" என்று சொன்னதுதான் தாமதம், பொன்னாத்தாள் அதைப் பிடுங்கினார்.

'இந்த ஒலிபெருக்கியின் சத்தம் மிக மிக அதிகம் என்று கீழே கையொப்பமிட்ட நாங்கள் உறுதியாகத் தெரிவிக்கிறோம்' என்று அச்சடித்திருந்தது. பொன்னாத்தாள் அதை ஊருக்கு வாசித்துக் காட்டினார். கேட்டவர்களுக்குக் கண் நிறைந்துவிட்டது. அரசாங்கமே அச்சடித்து வைத்திருக்கிறது பார் என்றார்கள். தலைவர் முதல் கையெழுத்துப் போட்டார், வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு சின்ராசு போட்டார், பள்ளிக்கூட டீச்சர் அடிக்கோடிட்டுப் போட்டார், வரிசை தொட்டியைச் சுற்றி வளைந்து நின்றது, நல்லுச்சாமி, "என்ற கொழுந்தியாளுகளுக்காகப் போடறேன்" என்று நடுவில் புகுந்து போட்டான்.

"அத்தை!" துளசிமணி பொன்னாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது பாராட்டுப் பத்திரமில்லீங்க. புகார்ங்க அது. நீங்க கையெழுத்துப் போடப் போட, செட்டு சாக்குக்குள்ள போகுது."

பொன்னாத்தாள் அதிகாரியைப் பார்த்தார். அவர் சங்கடத்தோடு தலையாட்டினார். "நூறு பேர் போட்டுட்டா மீட்டர் என்ன சொன்னாலும் சீல் வெச்சாகணும்மா. தொண்ணூறு தாண்டியாச்சு."

வரிசை அப்படியே நின்றது. போட்டவர்கள் விலகிப் போகவில்லை, நின்றவர்கள் முன்னால் நகரவில்லை.

"போட்டதை அடிச்சுரலாமுங்களா?" என்று துளசிமணி கேட்டாள்.

"அடிக்கலாம். 'சத்தம் அதிகமில்லை'ன்னு எழுதி அடிக்கணும். இல்லைன்னா செட்டுக்குச் சொந்தக்காரங்க, நீங்க ஒருத்தரே, 'என் செட்டு சத்தம் குறைவு'ன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். முடிச்சுடறேன்."

"நான் அடிக்க மாட்டேன்" என்றார் பொன்னாத்தாள். "சத்தமில்லாத செட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு நாளைக்குக் கீழ்வலசுக்காரி மூஞ்சில நான் எப்புடி முழிக்கறது? நீ வேணா எழுது கண்ணு. உன்ற செட்டு. ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

பேனா துளசிமணியின் கைக்கு வந்தது. ஒரே வரி. அவள் யோசித்துப் பார்த்தாள், எழுதினால் செட்டு பிழைக்கும், தண்ணீர் பிழைக்கும். முப்பத்தெட்டுப் பேரும் தெருக்களிலிருந்து வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஏழாமவள்கூட ஓரத்திலிருந்து கிட்டே வந்துவிட்டாள். கடைசியானவள், அந்தச் சுண்டுவிரல்காரி, தாளின் மேலேயே ஏறி நின்று, அக்காள் என்ன எழுதப் போகிறாள் என்று அண்ணாந்து பார்த்தாள். இவர்களை வைத்துக்கொண்டு குறைவு என்று எப்படி எழுதுவது? யாரைக் குறைத்து எழுதுவது?

அவள் பேனாவை மூடினாள்.

"சார், நீங்க தறி ஓடாத ஊர்ல அளந்தீங்க. அந்த ஊரு எங்கூரு இல்லீங்க, அப்புடி ஒரு ஊரை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். தறியை ஓட்டச் சொல்றேன், மறுபடியும் அளங்க. என்ற செட்டால மீட்டரு ஒரே ஒரு புள்ளி ஏறுனாலும் நீங்க சீல் வைங்க, நானே சாக்குல கட்டித் தாறேன். ஏறலைன்னா நான் ஒண்ணும் எழுத மாட்டேன். நீங்கதான் எழுதோணும்."

"என்னம்மிணி இது?" என்று நல்லுச்சாமி பதறினான்.

"நீங்க போயித் தறியில நில்லுங்க. எல்லாரும் போங்க. என்ற வாயப் பாத்துட்டு ஆரும் நிக்கக் கூடாது, காதால கேட்டாத்தான் வரோணும்."

எல்லாரும் போனார்கள். தறிகள் ஒவ்வொன்றாக உயிர்பிடித்தன, பழைய பேச்சு ஊரை மூடியது, தேன்மலர் அம்மாவின் தோளில் சாய்ந்து நொடியில் தூங்கிப்போனாள். ஜெயசீலன் நடுத் தெருவில் நின்று மீட்டரை உயர்த்திப் பிடித்தார். தொண்ணூற்றொன்று. அறைப் பக்கம் திரும்பி அந்த எண்ணை விரல்களால் சாடை காட்டினார்.

துளசிமணி திருகைக் கடைசிவரைக்கும் திருப்பினாள். குமிழ்கள் நாலும் பழுத்துச் சிவந்தன. இந்த ஒரு தடவை கத்திவிடலாமா என்று தொண்டை வரைக்கும் வந்தது. அவள் கத்தவில்லை. மைக்கை உதட்டோடு சேர்த்து வைத்து, தோளில் தூங்குகிற பிள்ளை விழித்துவிடாத குரலில், "ஏனுங்க, சித்தெ எல்லாரும் வெளிய வாங்க. துளசிமணி கூப்புடறேன்" என்றாள்.

முப்பத்தெட்டுப் பேரும் வரிசை கலையாமல் நடந்தார்கள். நாடா போகிற வழியில் நுழைந்து, பாவின்மேல் ஏறி, காதோரம் நின்றார்கள். ஜெயசீலன் கண்ணை மீட்டரிலிருந்து எடுக்கவே இல்லை. தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றொன்று. எண் அசையவில்லை. அசையாத அந்த எண்ணுக்கு மேலாக அவர் நிமிர்ந்து பார்த்தபோது, தெருவின் இரண்டு பக்கமும் குடோன் கதவுகள் திறந்து, பஞ்சுத் தூசி அப்பிய தலையோடு ஆணும் பெண்ணுமாக ஊர் முழுக்க வெளியே வந்து நின்றது. நூல் அறுந்ததைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்கள் நூல் முனையோடு வந்திருந்தார்கள். கடைசித் தெருவிலிருந்து, ஒரு காது சுத்தமாகக் கேட்காத கிழவர் ஒருவர், கேட்கிற காதைக் கையால் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜீப் டிரைவர்கூட இறங்கி வந்து, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

ஜெயசீலன் அறைக்கு வந்து துளசிமணியின் காதருகே குனிந்தார். "இது எப்படிம்மா? மீட்டருக்குத் தெரியாம எப்படிக் கேக்குது?"

"உங்க மீட்டரு எல்லாத்தையும் ஒரே தட்டுல அள்ளிப் போட்டு எடை பாக்குதுங்க" என்றாள் துளசிமணி. "காது எடை பாக்காதுங்க. காது ஆளை எண்ணும். ஒருத்தி எத்தனை கத்துனாலும் ஒருத்திதான். நாங்க முப்பத்தொம்பது பேரு."

அவர் மீட்டரை அணைத்துப் பையில் வைத்தார். பிறகு படிவத்தை எடுத்து, 'இந்தச் செட்டினால் கூடிய சத்தம்: பூஜ்யம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்த பொன்னாத்தாளுக்குப் பூஜ்யம் என்கிற சொல் கண்ணில் பட்டதும் மறுபடி முகம் சிவந்தது.

"இருங்க அத்தை" என்றாள் துளசிமணி. "சார், இன்னொரு வரி எழுதுங்க. 'ஆனால் எல்லாருக்கும் கேட்டது'ன்னு."

"படிவத்துல அதுக்கு இடமில்லைம்மா."

"பின்னால வெள்ளையாத்தானுங்க இருக்குது?"

திருப்பிப் பார்த்தார். வெள்ளையாகத்தான் இருந்தது. 'ஆனால் எல்லாருக்கும் கேட்டது' என்று எழுதி, என்ன தோன்றியதோ, தன் பெயரையும் போட்டு, 'எனக்கும்' என்று சேர்த்தார். கையெழுத்துத் தாளைக் கிழிக்கப் போனார். பொன்னாத்தாள் விடவில்லை, கேஸ்தான் முடிந்துவிட்டதே, தொண்ணூற்றுச் சொச்சம் பேர் மனசாரப் போட்ட கையெழுத்து, கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வாங்கிக்கொண்டார்.

இன்றைக்கும் பஞ்சாயத்து ஆபீஸில் இரண்டும் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கின்றன. ஒன்று, செம்மாண்டிவலசுச் செட்டின் சத்தம் மிக மிக அதிகம் என்கிறது. இன்னொன்று, அதற்குச் சத்தமே இல்லை என்கிறது, பின்பக்கத்தையும் படிக்க வசதியாக அதற்கு மட்டும் இரண்டு பக்கமும் கண்ணாடி. வெளியூரிலிருந்து பெண் பார்க்க, பாவு வாங்க என்று வருகிறவர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு, இதில் எதுங்க நிஜம் என்று கேட்பார்கள். ஊர்க்காரர்கள் தொட்டிக்குக் கீழே இருக்கிற அறையைக் கை காட்டிவிடுவார்கள்.

அங்கே துளசிமணி தேன்மலருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். வந்தவர்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாள்.

"ரெண்டும் நாங்க வாங்குனதுதானுங்க" என்பாள்.